வாழ்த்தட்டையின் மறுபக்கம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பழம்பொருள் சேகரிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் ஆகியவையே. இவற்றைச் சேர்ப்போரை உலகம் மதிக்கிறது. பொங்கல் வாழ்த்து அட்டைக்கு அந்த மதிப்பு நம்மிடையே இன்னும் வரவில்லை. ஒருகாலத்தில் மார்கழி பிறந்துவிட்டால் கடைத்தெருவெங்கும் கயிறு கட்டித் தோரணம்போல் தொங்கியவை அவை. தபால்காரரின் பையைக் கனக்கச் செய்தவை. தொலைபேசி பரவியது, கைப்பேசிக் குறுஞ்செய்தி வந்தது, பிறகு வாட்ஸ்அப் வந்தது. ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு அட்டை அனுப்பும் வழக்கம் மெல்லத் தேய்ந்து, என் வயதினர் பலர் ஒன்றைக்கூடப் பெற்றறியாத நிலை ஏற்பட்டுவிட்டது.

திருவையாற்றுச் சுற்றுவட்டாரத்தில் உறவினர், அண்டை வீட்டார், பழைய பேப்பர் கடை ஆகிய இடங்களிலிருந்து நான் இரண்டாண்டுகளாகச் சேர்த்தவை எண்பதுக்குச் சற்று மேல். இது பெரிய எண்ணிக்கை அன்று. ஆயினும் இவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் ஓர் உண்மை எனக்குத் தெளிவாயிற்று. அட்டையின் முன்பக்கம் எல்லோருக்கும் பொதுவாக அச்சானது. மறுபக்கமோ நம்மவர் தம் கையால் எழுதியது. ஆதலால் சேகரிப்போர் முதலில் திருப்பிப் பார்க்கவேண்டியது மறுபக்கத்தையே. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டை பிறந்த வரலாறு

வாழ்த்து அட்டைக்கு முன்னோடி கிறிஸ்துமஸ் அட்டை. 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி கட்டணத்தில் நாடெங்கும் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதனால் பண்டிகை நாட்களில் கடிதங்கள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் எழுத நேரமில்லாத ஹென்றி கோல் என்பவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி, 1843-இல் அட்டையாக அச்சிட்டார். நடுவே ஒரு குடும்பம் விருந்துண்ணும் காட்சி; இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் அளிக்கும் காட்சிகள். விருந்துக் காட்சியில் சிறு பிள்ளைக்கு மது புகட்டுவதாக வரைந்திருந்ததால் அன்று கண்டனமும் எழுந்தது. ஓர் அட்டையின் விலை ஒரு ஷில்லிங். உழைத்துப் பிழைப்பவர்க்கு அது எட்டாத விலை. அவ்வட்டைகளுள் ஒன்று 2001-இல் இங்கிலாந்தில் 20,000 பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று.

மான்செஸ்டர் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தில் லாரா செட்டன் என்னும் பெண்மணி சேர்த்த 30,000-க்கும் மேற்பட்ட பழைய வாழ்த்து அட்டைகள் ஆய்வாளர்களுக்காகப் பாதுகாக்கப்படுகின்றன. அட்டைகளை ஆராய்ச்சிக்குரிய சான்றுகளாகக் கருதும் நாடுகளும் உண்டு என்பதற்கே இதைக் குறிப்பிட்டேன்.

நம் நாட்டில் தூரம் எவ்வளவாயினும் ஒரே கட்டணம் என்னும் தபால் முறை 1854-இல் வந்தது. 1879 ஜூலை முதல் நாள் கால் அணா விலையில் தபால் அட்டை விற்பனைக்கு வந்தது. ஆங்கிலேயரோடு வந்த கிறிஸ்துமஸ் அட்டையும் புத்தாண்டு அட்டையும் மெல்ல நம் பண்டிகைகளுக்கும் வழிகாட்டின.

சிவகாசியும் பொங்கலும்

பொங்கல் அட்டை நம் மக்களிடையே பரவியதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, கருத்து. பொங்கல் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவர்க்கும் உரிய திருநாள் என்னும் எண்ணத்தை மறைமலையடிகள் போன்ற தமிழறிஞர்களும், அவர்களுக்குப் பின் திராவிட இயக்கத்தாரும் ஊர்தோறும் கொண்டு சென்றனர். தமிழர் என்ற முறையில் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்ள ஒரு நாள் கிடைத்தது. தலைவர் படம் போட்ட அட்டைகளும், திருவள்ளுவர் படம் போட்ட அட்டைகளும், பின்னர் எம்.ஜி.ஆர்., சிவாஜி முதலிய திரைப்பட நடிகர் படம் போட்ட அட்டைகளும் வெளிவந்தன. உதயசூரியன் ஒரு கட்சியின் சின்னமும் ஆனமையால், சில அட்டைகளில் காணும் சூரியன் பண்டிகையைக் குறிக்கிறதா கட்சியைக் குறிக்கிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டையும் குறிக்கட்டும் என்று அச்சிட்டவர் எண்ணியிருத்தலும் கூடும்.

இரண்டாவது, தொழில். சிவகாசியைச் சேர்ந்த ஐயன் நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923-இல் திரும்பி வந்து தொழில் தொடங்கினர். தீப்பெட்டிக்கு மேலொட்டும் படம் வேண்டும், பட்டாசுக்கும் வேண்டும். அத்தேவையிலிருந்து அவ்வூரில் வண்ண அச்சுத் தொழில் வளர்ந்தது. லேபிள் அச்சிட்ட கை காலண்டர் அச்சிட்டது; காலண்டர் அச்சிட்ட கை வாழ்த்து அட்டையும் அச்சிட்டது. காலண்டர் ஓவியத்தில் புகழ்பெற்ற கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர். பொங்கல் அட்டைகளில் வரும் மலையும் ஆறும் சோலையும் எனக்கு நாடக மேடையின் திரைச்சீலையையே நினைவூட்டுகின்றன.

படத்தில் இல்லாத தஞ்சை

என்னிடம் உள்ள அட்டைகளில் உழவுக் காட்சி அமைந்தவற்றைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்தேன். பொங்கும் பானை, இருபுறமும் கரும்பு, மஞ்சள் கொத்து, கோலம், ஏர் பூட்டிய காளைகள், பின்னணியில் இரண்டு மலைகள், அவற்றின் நடுவே எழும் கதிரவன். பெரும்பாலானவற்றில் அமைப்பு இதுவே.

கல்லணையிலிருந்து கிழக்கே கடல்வரை விரிந்து கிடக்கும் காவிரிச் சமவெளியில் மலை எங்கே இருக்கிறது? நாம் கதிரவன் எழக் காண்பது தென்னந்தோப்புக்கும் மூங்கில் கொத்துக்கும் பின்னாலிருந்துதான். காளைகளையும் பாருங்கள். படத்தில் உள்ளவை நீண்டு வளைந்த கொம்புடைய காங்கேயம் இனத்தை ஒத்தவை. நம் கீழ்த்தஞ்சைக்கு உரியதோ உம்பளச்சேரி மாடு. ஆழ்ந்த சேற்றில் உழுவதற்கேற்ற உடற்கட்டு உடையது. உழவு மாடுகளுக்குக் கொம்பை நீக்கிவிடுவதும் அப்பகுதி வழக்கம். கொம்பில்லாத உம்பளச்சேரி மாடு பூட்டிய ஏரை என்னிடமுள்ள எந்த அட்டையிலும் நான் காணவில்லை.

இதை ஒரு குறையாகச் சொல்ல வரவில்லை. குமரி முதல் சென்னை வரை ஒரே படம் விற்றாகவேண்டும்; எல்லோருக்கும் பிடித்த மலையும் கொம்பும் போட்டால்தான் விற்கும். நெல் விளையும் நாட்டாரும் தம் பண்டிகையை வேறோர் ஊரின் படத்தில் பார்த்து மகிழ்ந்திருக்கிறார்கள். முன்பக்கம் அச்சகத்தாருடையது என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

ஆண்டில்லா அட்டைக்கு ஆண்டு காணுதல்

புத்தாண்டு அட்டையில் ஆண்டு அச்சிடப்படுவதுண்டு. என்னிடமுள்ள பொங்கல் அட்டைகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. ஆண்டு போடாத அட்டை விற்காமல் தங்கினாலும் அடுத்த தைக்கு விற்றுவிடலாம் என்பது வணிகருக்கு வசதி. சேகரிப்போருக்கோ அதுவே சிக்கல். தபால் முத்திரை தெளிவாக இருந்தால் கவலையில்லை. மை பரவியிருந்தாலும், தபால்தலை சேர்க்கும் சிறுவர் எவரேனும் மூலையைக் கிழித்துக்கொண்டு போயிருந்தாலும் வேறு வழி தேடவேண்டும். எனக்குப் பயன்பட்ட அடையாளங்களைக் கீழே தருகிறேன்.

(அ) தபால்தலையின் நாணயம்: அணாக் கணக்கில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய வெளியீடு. நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. வெறும் பைசா என்றால் அதற்குப் பிந்தியது.

(ஆ) மாநிலத்தின் பெயர்: சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' என்று பெயர் பெற்றது 1969 ஜனவரி 14-இல். அரசு முகவரியில் தமிழ்நாடு என்று அச்சாகியிருந்தால் அதற்குப் பிந்தியது எனலாம்.

(இ) பின்கோடு: ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தது. முகவரியில் அந்த எண் இருந்தால் 1973-ஆம் ஆண்டுப் பொங்கலோ, அதற்குப் பிந்தியதோ ஆகும்.

(ஈ) எழுத்து வடிவம்: பெரியார் 1935-இலேயே தம் ஏட்டில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் வடிவம் மாறின. 'வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறோம்' என்னும் தொடரில் வரும் 'ளை' தும்பிக்கை தூக்கிய பழைய வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

(உ) மாவட்டம்: நாகப்பட்டினம் 1991-இலும் திருவாரூர் 1997-இலும் தனி மாவட்டங்களாயின. வேதாரண்யத்தையோ மன்னார்குடியையோ தஞ்சாவூர் மாவட்டம் என்று எழுதியிருந்தால் 1991-க்கு முந்தியது என்று கொள்ள இடமுண்டு.

இங்கே அறிவியல் மாணவர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. எல்லா அடையாளங்களும் ஒரே வலிமை உடையன அல்ல. பின்கோடு எண் இருந்தால் 1972-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஆனால் அந்த எண் இல்லாமையால் மட்டும் முந்தியது என்று கூற முடியாது. இன்றும் பின்கோடு எழுதாதவர் பலர். அவ்வாறே அச்சகத்தார் பழைய எழுத்துகளை ஆணை வந்த மறுநாளே வீசிவிடவில்லை. கையால் எழுதுவோரோ பழகிய வடிவையே பல்லாண்டு எழுதினர். ஒன்று இருப்பது சான்று; இல்லாதது ஐயம் மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். என் தாத்தாவின் தங்கை வேதாரண்யம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் அனுப்பிய அட்டை ஒன்றில் முத்திரை மங்கி 'ஜனவரி' என்பது மட்டும் தெரிகிறது. தபால்தலை இல்லை. மறுபக்கத்தில், "புயலில் கூரை போய்விட்டது. அண்ணன் கவலைப்பட வேண்டாம். புதுப்பானை வாங்கியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறது. எந்தப் புயல்? அக்கடற்கரையை 1952, 1955, 1977 ஆகிய ஆண்டுகளில் பெரும்புயல்கள் தாக்கியுள்ளன. எங்கள் ஊர் முகவரியில் பின்கோடு எண் இருக்கிறது. ஆகவே முதல் இரண்டும் நீங்கின. அனுப்பியவர் ஊரைத் தஞ்சாவூர் மாவட்டம் என்று எழுதியிருப்பதால் 1991-க்கு முந்தியது. எஞ்சுவது 1977 நவம்பர் 12-ஆம் நாள் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல். எனவே அட்டை 1978 ஜனவரியில் எழுதியது என்று துணியலாம். என் அப்பாயியிடம் கேட்டேன். "அந்தப் புயல் அடிச்ச வருசந்தான் ஒங்கப்பன் தவழ ஆரம்பிச்சான்" என்றார். என் தந்தை பிறந்தது 1977 சித்திரையில். கணக்கும் வாய்மொழியும் ஒத்துப் போயின.

மறுபக்கம் சொல்வது

அக்காலத்தில் வாழ்த்து அட்டையைத் திறந்த உறையில் செருகி, 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த கட்டணத்தில் அனுப்பலாம். ஆனால் அதில் கடிதம்போல் செய்தி எழுதலாகாது. அதனால் பல அட்டைகளில் அனுப்புநர் பெயருக்கு மேல் ஒன்றுமில்லை. பெயருக்குக் கீழே 'அனைவரும் நலம்' என்று பொடி எழுத்தில் ஒளித்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். கூரை போன செய்தியை எழுதிய அந்த அட்டை மட்டும் ஒட்டிய உறையில், முழுக் கட்டணத்தில் வந்திருக்கிறது. செய்தி பெரிதானால் காசு கூடினாலும் பரவாயில்லை என்று கருதியிருக்கிறார்கள்.

தாத்தாவின் தங்கை அனுப்பியவற்றுள் ஏழு அட்டைகள் கிடைத்துள்ளன. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தாவுக்கும் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். எழுதத் தெரியாத ஒருவர், படிக்கத் தெரியாத ஒருவருக்கு, ஆண்டுதோறும் எழுத்தில் வாழ்த்து அனுப்பியிருக்கிறார். அங்கே ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இங்கே தபால்காரர் படித்துக் காட்டியிருக்கிறார்.

அடையாளங்களைக் கொண்டு ஏழையும் கால வரிசையில் அடுக்கினேன். முதல் நான்கில் ஒரே கையெழுத்து; பழகிய, சாய்ந்த, வேகமான எழுத்து. அது அவ்வூர்ப் பெட்டிக்கடைக்காரருடையது என்று அப்பாயி சொல்கிறார். புயல் ஆண்டின் அட்டை நீங்கலாக மற்ற மூன்றிலும் வாசகம் ஒரே அச்சில் வார்த்தது: 'இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் நலமறிய ஆவல்.' ஐந்தாவதில் கையெழுத்து மாறுகிறது. பென்சிலால் கோடிட்டு, அதன்மேல் பேனாவால் எழுதிய பெரிய பெரிய எழுத்து. 'பொங்கல்' என்பது 'பொங்கள்' ஆகியிருக்கிறது. அது அவருடைய மகள் எழுதியது. அக்குடும்பத்தில் பள்ளிக்குச் சென்ற முதல் பிள்ளை அவரே.

கையெழுத்து மட்டுமா மாறியது? சொல்லும் மாறிவிட்டது. 'மாடு கெடேரி கண்ணு போட்டிருக்கு. வந்து பார்த்துட்டுப் போ' என்று ஐந்தாவது அட்டையில் இருக்கிறது. இது பெட்டிக்கடைக்காரரின் நடை அன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் வாய்ப்பேச்சு. அயலார் எழுதியபோது அவர் சொன்னது எழுத்துக்குரிய வழக்கமான வாசகமாக மாறியது. தன் வயிற்றுப் பிள்ளை எழுதியபோதுதான் தன் சொல் தன் சொல்லாகவே அண்ணன் வீடு வந்து சேர்ந்தது. கல்வி ஒரு வீட்டுக்குள் நுழைந்த ஆண்டை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்று வேறு எதுவும் எங்கள் குடும்பத்தில் இல்லை.

நம் கல்லூரியில் என்னைப்போல் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் பலர். எங்கள் வீடுகளில் செப்பேடு இல்லை, ஓலைச்சுவடி இல்லை, நிலப்பத்திரம்கூடப் பல வீடுகளில் இல்லை. முன்னோர் பெயர் எழுத்தில் காணப்படும் காகிதம் குடும்ப அட்டையும் இத்தகைய வாழ்த்து அட்டைகளும்தான். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் அரசர்கள் சேர்த்த சுவடிகளையும் மோடி ஆவணங்களையும் அரசு காத்து வருகிறது. நம் வீட்டுக் காகிதத்தை நாமே காத்தால்தான் உண்டு.

காகிதத்தின் வேதியியல்

பழைய அட்டை ஏன் பழுப்பேறி நொறுங்குகிறது? இதற்கு விடை நம் பாடத்திலேயே இருக்கிறது. காகிதத்தின் உடம்பு செல்லுலோஸ். மலிவான மரக்கூழில் அத்துடன் லிக்னினும் கலந்திருக்கும். லிக்னின் ஒளியிலும் காற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகிறது. மை பரவாதிருக்கக் காகிதத்தில் ரோசினும் படிகாரமும் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். அப்படிகாரம் ஈரத்தில் அமிலத்தைத் தருகிறது. அமிலம் செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக அறுக்கிறது. ஆகவே காகிதத்தின் பகைவன் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, உள்ளேயே இருக்கிறான்.

எழுத்தில்லாத பழைய உறைத் துண்டு ஒன்றைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து நீல லிட்மஸ் தாளில் ஒற்றினேன், சிவந்தது. மற்றொரு துண்டில் ஃபுளோரோகுளுசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலைத் துளியிட்டேன். செந்நிறம் தோன்றி லிக்னின் இருப்பதைக் காட்டியது. இச்சோதனைகளைக் கிழிந்து உதிர்ந்த வெற்றுத் துண்டில் மட்டுமே செய்யவேண்டும், அட்டையில் செய்யலாகாது.

உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் முன்பக்கமும் ஒரு பாடமாகும். ஆப்செட் முறையில் அச்சான அட்டையில் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரியும். தாள் சற்று நகர்ந்து அச்சேறியிருந்தால் காளையின் கொம்பிலிருந்து சிவப்பு விலகி நிற்பதையும் காணலாம். நாம் பச்சை வயல் என்று கண்டது உண்மையில் நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் அடுத்தடுத்து நிற்பதே.

சேகரிக்க விரும்பும் நண்பர்களுக்கு

1. உறையை எறியாதீர்கள். முகவரியும் முத்திரையும் அதில்தான் இருக்கின்றன. அட்டையையும் உறையையும் ஒன்றாகவே வையுங்கள்.

2. நம் வீடுகளில் கடிதங்களை வளைந்த கம்பியில் குத்திவைக்கும் வழக்கம் இருந்தது. அந்தத் துளையை ஒட்டி மறைக்க முயலாதீர்கள். அட்டை கம்பியில் இருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். முடிந்தால் கம்பியில் இருந்த வரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள்; அடியில் இருப்பது முந்தியது.

3. செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் கூடா. பசை ஊறிக் கறையாகும். லேமினேஷன் செய்ததைப் பின்னர் பிரித்தெடுக்க இயலாது.

4. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பகுதியில் ஈரம் மிகுதி. பூஞ்சைக்கு அதுவே காலம். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் வேண்டாம். சுவடிகளுக்கு முன்னோர் பயன்படுத்திய வசம்பு பூச்சியை அண்டவிடாது. ஆனால் அட்டையின் மேல் நேரே படாமல் தனித்துணியில் முடிந்து வைக்கவேண்டும்.

5. எண்ணிடுவதாயின் மென்மையான பென்சிலால், மூலையில், சிறிதாக எழுதுங்கள். கிடைத்த வீடு, நாள், அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் உள்ள உறவு, அவ்வீட்டார் சொன்ன செய்தி ஆகியவற்றைத் தனி நோட்டில் எழுதுங்கள். நோட்டு இல்லாத சேகரிப்பு வெறும் காகிதக் கட்டு.

6. கைப்பேசியால் இருபுறமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்க மனமில்லாதவரிடம் கட்டாயப்படுத்தி வாங்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்.

7. மறுபக்கத்தில் இருப்பது பிறர் வீட்டுச் செய்தி. கடனும் பிணியும் மனத்தாங்கலும் அதில் இருக்கும். உரியவர் இசைவின்றி அதைப் பிறருக்குக் காட்டுதல் தகாது.

போகிக்கு முன்னே

பொங்கல் அட்டைக்கு நேரும் முடிவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பொங்கலுக்கு முதல் நாளாகிய போகியன்று வீட்டைத் துப்புரவு செய்து, பழையவற்றை வாசலில் கொளுத்துகிறோம். பண்டிகைக்கென்று வந்த அட்டை அதே பண்டிகையின் தீயில் சாம்பலாகிறது. தீக்குத் தப்பியது பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகிறது.

உத்தமதானபுரத்தில் பிறந்த டாக்டர் உ.வே. சாமிநாதையர் (1855–1942) சுவடி தேடி அலைந்தபோது, ஆற்றில் விடப்பட்ட ஏடுகளையும் தீயில் இடப்பட்ட ஏடுகளையும் பற்றிக் கேட்டு மனம் நொந்ததைத் தமிழுலகம் அறியும். அவ்வேடுகளை அழித்தவர்கள் தீயவர் அல்லர். அவற்றின் மதிப்பை எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் இல்லை, அவ்வளவே. வாழ்த்து அட்டையைச் சங்க நூலுக்கு நிகராக்குகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். அழிவு நேரும் விதம் ஒன்றாக இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது.

தனிமனிதர் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்போருக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைக் காட்டுவேன். பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர் அவர். பழைய நூல்களோடு நில்லாமல், பிறர் கழித்தெறிந்த அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அச்சேகரிப்பு சென்னைக்கு வந்து, 1994-இல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழக வரலாறு எழுதுவோர் பலர் அங்கே போய்ப் படிக்கிறார்கள்.

என் அப்பாயியின் தகரப் பெட்டியில் அட்டைகள் எப்படித் தப்பின என்று விசாரித்தேன். எழுத்துள்ள காகிதம் சரசுவதி. அதை மிதிக்கவும் கூடாது, கொளுத்தவும் கூடாது என்றார். ஒரு வரியும் படிக்கத் தெரியாதவர் அவர். எழுத்தறியாதவர்கள் எழுத்தைக் காத்திருக்கிறார்கள். படித்த நாமோ, படிக்கக்கூட நேரமின்றி அதைக் கொளுத்துகிறோம்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இவ்வாண்டு போகிக்கு முன் வீட்டுப் பரணையும் தகரப் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். சுவாமி படத்தின் பின்னால் செருகியிருப்பதையும் எடுத்துப் பாருங்கள். அட்டை கிடைத்தால் திருப்பிப் படியுங்கள். வீட்டில் வயது முதிர்ந்தவர் இருந்தால் அவருக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரியின் ஒரு தட்டை இதற்கென ஒதுக்கித் தருமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தட்டில் வைக்க என் எண்பது அட்டைகளையும், அவற்றுக்குரிய நோட்டையும் தர அணியமாயிருக்கிறேன்.